இரண்டாவது படம்

நல்லூர்க் கோயிலின் பின்வீதியிலிருந்து இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் அந்த வீடு இருந்தது. நானும் என் கணவர் தியாகலிங்கமும் இரண்டு இரவல் சைக்கிள்களில் கமெரா, முக்காலி, பிலிம் பெட்டி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பகல் பதினொரு மணி இருக்கும். தொண்ணூறாம் ஆண்டு சித்திரை மாதம். சண்டை ஓய்ந்திருந்தது. கொழும்பிலிருந்து யாழ்தேவி ஓடிக்கொண்டிருந்தது.

இலங்கையின் பழைய நகரங்களைப் பற்றிக் கொழும்புப் பதிப்பகம் ஒன்று பெரிய படப்புத்தகம் போட இருந்தது. காலி, கண்டி, கொழும்பு முடிந்து யாழ்ப்பாணம் மட்டும் மிச்சம். படம் அவருடையது, படத்துக்குக் கீழே வருகிற நாலு வரி என்னுடையது. அவர் தெல்லிப்பழைச் சைவம், நான் குருநகர் வேதம், கத்தோலிக்கம். எங்கள் கலியாணத்தில் இரண்டு பக்கத்துச் சனமும் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் படம் எடுக்க ஆள் இல்லை என்று நான் அடிக்கடி பகிடி விடுவேன்.

ஊர்களை எடுக்கிற இவருடைய படங்களில் மனிதர் இருக்கமாட்டார்கள். பட்டப்பகலில் லென்சுக்கு முன்னால் கறுத்தக் கண்ணாடி ஒன்றைப் போட்டு, கமெராவின் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்துவிடுவார். அசைகிறது எதுவும் பிலிமில் பதியாது. பஸ், சைக்கிள், சந்தைக்குப் போகிற சனம் எல்லாம் கரைந்துபோய், கட்டடமும் மரமும் மட்டும் நிற்கும். நேரம் கணக்கெடுக்கிறது என் வேலை. மணிக்கூட்டைப் பார்க்காமல் மனதுக்குள் ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லுவேன். இதுக்கு நாலு மரியே, அதுக்கு ஆறு மரியே என்று அவர் கணக்குச் சொல்லுவார்.

"சனம் இல்லாத ஊர் ஒரு ஊரோ?" என்று கேட்டால், "அசையாமல் நிண்டால் பதியும் தானே. ஆர் நிக்கிறாங்கள்?" என்பார்.

நாங்கள் தேடிப்போன வீடு ஒல்லாந்தர் காலத்தது. நாலு பக்கமும் அறை, நடுவில் முற்றம், முற்றத்தைப் பார்த்தபடி ஒரு மண்டபம். அந்த மண்டபத்துக் கதவின் சித்திர வேலையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள் என்று கேள்வி. வீட்டுக்காரர் சோமசேகரம், மலாயா ரயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து பென்சன் எடுத்தவர். பிறத்தியாரை உள்ளே விடாத மனிதர். கொழும்பிலிருந்து எத்தனையோ கடிதம் போட்ட பிறகுதான் வரச்சொல்லியிருந்தார்.

வாசற்படலையில் வாழை கட்டியிருந்தது. உள்ளே பறை ஒலித்தது.

"மாமா விடியப்புறம் காலமாயிட்டார்," என்றார் படலைக்கு வந்த மனிதர். சோமசேகரத்தின் மருமகன் நடராசா, நாற்பது தாண்டியவர். இவருடைய கமெராவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "தம்பி, கடவுள் தான் உங்களை அனுப்பியிருக்கு. ரவுணிலை ஒரு ஸ்ரூடியோவிலும் பிலிம் இல்லை எண்டிட்டாங்கள். எங்கடை மாமாவை ஒருக்கா எடுத்துத் தாங்கோ. வீட்டை நீங்கள் ஆறுதலாய் எடுக்கலாம்."

செத்தவீட்டில் படம் எடுப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. ஆனால் அந்த வீட்டு முறை வேறு. மண்டபத்துக்குள் போனபின்தான் அது விளங்கியது.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே சுண்ணாம்புச் சுவர்களின் ஈரமும் கற்பூர வாசமும் கலந்த அரை இருட்டு. கண் பழகக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு சுவர் நிறையப் படங்கள் தெரிந்தன. கடுக்கன் போட்டவர்கள், தலைப்பாகை கட்டியவர்கள், நெற்றி நிறைய விபூதி பூசிய பெண்கள். எல்லோரும் சாய்மானமும் கைபிடியும் வைத்த ஒரே பெரிய பிரம்புக் கதிரையில் இருந்தார்கள்.

எல்லோருக்கும் கண் மூடியிருந்தது.

அந்தக் கதிரை மண்டபத்தின் நடுவில் இருந்தது. அதில் சோமசேகரம் இருந்தார். பட்டு வேட்டி, சால்வை. தலை சாயாமல் கழுத்துக்குப் பின்னால் துணியால் கட்டியிருந்தார்கள். இரண்டு கையும் கதிரைக் கையில் நேராக வைக்கப்பட்டிருந்தன. பெட்டியில் கிடத்த முன் இப்படி இருத்திப் படம் எடுப்பது பரம்பரை வழக்கமாம்.

"ரண்டு படம், தம்பி," என்றார் நடராசா காதோடு. "ஒண்டு சுவருக்கு. மற்றது அவருக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அஸ்தியோடை கீரிமலைக் கடலிலை விடுவம். எடுத்து முடிய ஒண்டும் கதைக்காமல் வெளிக்கிடுங்கோ. உங்களுக்குத் தெரியாததே."

தெரியாமல் என்ன. செத்தவீட்டிலிருந்து வெளிக்கிடும்போது ‘போட்டு வாறன்’, போய்த் திரும்பி வருகிறேன், என்று சொல்லக்கூடாது. வேறு எந்த வீட்டிலும் அதைச் சொல்லாமல் வந்தால் மரியாதை இல்லை. சாவீட்டில் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல் நடந்துவிட வேண்டும். வேதக்காரி எனக்கே அது தெரியும். தெல்லிப்பழையில் பிறந்த இவருக்குத் தெரியாதா?

முதல் படத்துக்கு எட்டு மரியே. பெண்கள் ஒப்பாரியை நிறுத்தி வாயில் சேலையைப் பொத்திக்கொண்டார்கள். இவருடைய கமெரா மெல்லக் கண்ணை மூடியது. அதோடு பிலிம் சுருள் முடிந்தது.

வயிற்றுப்பாட்டுக்காக இருபது வருடமாகக் கலியாண மாப்பிள்ளைகளையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் படம் எடுத்த மனிதர். சுருள் மாற்ற வெளியே போகும்போது என்ன சொல்லுவாரோ அதைத்தான், முக்காலியை விட்டு நிமிர்ந்தபடி, கதிரையைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பிடியே இருங்கோ ஐயா. அசையாதேங்கோ. இந்தா வாறன்."



கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்த விதவை ஞானாம்பிகை தலையைத் தூக்கி இவரைப் பார்த்தார். அழுதழுது வீங்கிய கண். அதில் அப்போது கண்ணீர் இல்லை, பயம் மட்டுமே இருந்தது.

இவர் நாக்கைக் கடித்துக்கொண்டு விறாந்தைக்கு ஓடினார். நிழலில் குனிந்து புதுச் சுருளைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே கிரியை செய்ய வந்த ஐயர் "நேரம் பிழைக்குது, தூக்குங்கோ" என்று அவசரப்படுத்திய குரல் கேட்டது. நாங்கள் திரும்பிப்போனபோது நாலைந்து ஆண்கள் கதிரையைச் சூழ்ந்து நின்று முக்கிக்கொண்டிருந்தார்கள். மெலிந்த கிழவர். எலும்பும் தோலும். அவரைக் கதிரையிலிருந்து எடுக்க அவர்களுக்கு மூச்சு வாங்கியது.

"மாட்டன் எண்டு இருக்கிறார்," என்று ஒருவர் முணுமுணுத்தார்.

இரண்டாவது படம் எடுபடவில்லை. நாங்கள் ஒன்றும் பேசாமல் வெளியே வந்து சைக்கிளில் ஏறினோம். ஒழுங்கை முடிந்ததும் இவர், "வாய் தவறீட்டுது, யசிந்தா" என்றார். "வாய் தானே. சங்கிலி போட்டு வையுங்கோ" என்று நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அன்றோடு சரி.

*

அடுத்த நாட்களில் நகரத்தை எடுத்தோம். கஸ்தூரியார் வீதி, அரசர் காலத்துச் சங்கிலித்தோப்புத் தோரண வளைவு, என் ஊரின் பெரிய கோயில். வழக்கமான வேலை, வழக்கமான வெயில். ஆனால் இவரிடம் ஏதோ மாறியிருந்தது.

முக்காலியை ஒருதரம் நட்டால் லேசில் மாற்றமாட்டார். இப்போது நட்டுவிட்டு, கமெராவுக்குள் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் முன்னுக்குப் போகவேணும்" என்பார். தூக்கி நடுவார். மறுபடி பார்ப்பார். மறுபடி முன்னுக்கு. வளைவுக்கு முன்னால் மண்ணில் முக்காலி பதிந்த குழிகள் வரிசையாக முன்னோக்கிப் போயிருந்தன. வளைவு முழுதாகப் படத்தில் விழாத அளவுக்குக் கிட்டப் போய்விட்டார்.

"வளைவு வெட்டுப்படப் போகுது," என்றேன்.

"வளைவோ?" என்று என்னைப் பார்த்தார், நான் என்ன சொல்கிறேன் என்று விளங்காதவர் போல.

சாப்பாடு குறைந்தது. கேட்டதற்கெல்லாம் ஓம் என்றார். இருந்தால் இருந்த இடத்தில் அப்படியே இருப்பார், கையிரண்டையும் கதிரைக் கையில் நேராக வைத்தபடி. நான் கையைப் பிடித்து மடியில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி அங்கே போயிருக்கும். காய்ச்சலாக இருக்கும் என்று பனடோல் கொடுத்தேன். பயப்பட எனக்கு விருப்பமில்லை. ஆனால் இவர் இல்லாவிட்டால் எனக்கு இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள் என்ற எண்ணம் அடிக்கடி வந்தது.

பிறகு வல்வெட்டித்துறைக்குப் போனோம். கரையில் இழுத்து வைத்த வள்ளங்களும் கடலும் ஒரு படத்தில் வேண்டும் என்று பதிப்பகத்தார் கேட்டிருந்தார்கள். நடு மத்தியானம். வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. மீன் மணம். கரையில் ஆள் அரவம் இல்லை. நான் வள்ளத்து நிழலில் நின்று மரியே சொல்லி முடித்தேன். கடல் வெளிச்சத்தில் கண் கூசியது, மூடிக்கொண்டேன்.

திறந்தபோது இவர் கரையில் இல்லை.

முக்காலியைத் தோளில் போட்டபடி கடலுக்குள் போய்க்கொண்டிருந்தார். முழங்கால். இடுப்பு. அவசரம் இல்லாத நடை, தெருவில் தெரிந்தவர் ஒருவரைக் கண்டு அவரிடம் போகிறவரின் நடை. நான் கத்திக்கொண்டு ஓடி, சேட்டுத் துணியைப் பிடித்து இழுத்தேன். அலை இரண்டு பேரையும் தள்ளியது. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் கூட இல்லை.

"ஏன் மறிக்கிறீர்?" என்றார் மெதுவாக. "கிட்ட வந்திட்டன்."

"ஆருக்குக் கிட்ட?"

அவர் கடலைப் பார்த்தபடி முக்காலியைத் தோளில் சரிசெய்தார்.

*

என் மாமாவின் மகள் பெர்னடெட் குருநகரில் ஒரு ஸ்ரூடியோ நடத்திவந்தாள். தகப்பன் விட்டுப்போனது. அங்கேதான் தங்கியிருந்தோம். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ‘காய்ச்சல்காரன் ஏன் கடலுக்குப் போனவர்’ என்று அவள் கேட்டதற்கு ஏதோ சமாளித்தேன். மறுநாள் காலை அவள் கடைக்குப் போன நேரம், பின்னாலிருந்த இருட்டறையில் நாங்கள் எடுத்த சுருள்களைக் கழுவித் தாளில் பதிக்க உட்கார்ந்தோம்.

கரண்ட் வந்து வந்து போனதால் சிவப்புக் கண்ணாடிக்குள் மண்ணெண்ணெய் விளக்கு. மருந்துத் தண்ணீரின் புளித்த நாற்றம். வெளியே தெருவில் மீன்காரன் கூவிக்கொண்டு போனது கேட்டது. இவர் தாளைத் தட்டில் அமிழ்த்தி மெல்ல ஆட்டினார்.

முதலில் கஸ்தூரியார் வீதி வந்தது. கடைகள், கம்பங்கள், வெறும் தெரு. ஒரு சனம் இல்லை. தெருவின் அந்தத் தொங்கலில் மட்டும் ஒரு புள்ளி.

"ஊத்தை," என்றேன்.

இவர் பூதக்கண்ணாடியை எடுத்து என்னிடம் தந்தார்.

நடுத்தெருவில் ஒரு கதிரை. கதிரையில் ஒருவர்.

அடுத்த தாள். சங்கிலித்தோப்பு வளைவு. வளைவுக்குக் கீழே அதே கதிரை. பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. பட்டு வேட்டி, சால்வை. அன்று வளைவுக்குள்ளால் போன மாட்டு வண்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் படத்தில் இல்லை. அவர்கள் அசைந்தவர்கள்.

அடுத்தது பெரிய கோயில் வாசல். படிக்கட்டுக்கு முன்னால் அவர். கழுத்துக்குப் பின்னால் கட்டிய துணியின் முடிச்சுக் கூடத் தெரிந்தது.

கடைசித் தாளைப் போடவேண்டாம் என்று சொன்னேன். இவர் போட்டார்.

கடல் வந்தது. நெடுநேரம் திறந்திருந்ததால் அலையெல்லாம் கரைந்து பால் போலக் கிடந்தது. அந்தப் பாலுக்கு மேலே கதிரை. இந்த முறை முழுக் கதிரை படத்தில் விழவில்லை. முழங்காலும், கதிரைக் கையில் நேராக வைத்த கைகளும், மூடிய கண்ணும் மட்டும். கையை நீட்டினால் தொடலாம்.

"கிட்டக் கிட்ட வாறார்," என்றேன்.

"இல்லை, யசிந்தா." இவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வடிவாய்ப் பாரும். அவர் அசையேல்லை. அசையாதேங்கோ எண்டு நான் தானே சொன்னனான்."

விளக்குத் திரி ஒருதரம் துடித்தது.

"நான் தான் போய்க்கொண்டிருக்கிறன். வாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

நான் எல்லாத் தாளையும் கிழித்துத் தண்ணீருக்குள் போட்டேன். இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருடைய உடம்பு என் கைக்குள் விறைப்பாக இருந்தது. இன்னும் ஒரு படம், அதோடு போய்ச் சேர்ந்துவிடுவார் என்று தெரிந்தது. கமெராவை எங்கேயாவது எறிந்துவிடலாம் என்றும் யோசித்தேன். ஆனால் கடலுக்குள் இறங்கின கால் கமெராவைக் கேட்டா இறங்கும்? கொடுத்த வாக்கு அவருடைய காலில் இருந்தது.

இரண்டாவது படத்தை எடுத்துக் கொடுத்தால் தான் இது தீரும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

*

ஞானாம்பிகை அம்மா எங்களைக் கண்டு ஆச்சரியப்படவில்லை.

"வருவியள் எண்டு தெரியும், பிள்ளை," என்றார். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. பக்கத்தில் நடராசா, தாடி மழிக்காமல் நின்றார். அந்தியேட்டிக்கு இன்னும் நாள் இருந்தது. "அந்தக் கதிரையை வந்து பாருங்கோ."

மண்டபத்தில் கதிரை அதே இடத்தில் இருந்தது. வெறும் கதிரை. ஆனால் அதன் பிரம்புப் பின்னல் நடுவில் பதிந்து, தொய்ந்து கிடந்தது. கனத்த ஒருவர் அதில் இருக்கும்போது பின்னல் எப்படிக் கிடக்குமோ அப்படி.

"அண்டு தொடக்கம் பிரம்பு நிமிரேல்லை," என்றார் நடராசா. "நாலு பேர் சேந்தும் கதிரையைச் சுவரோடை ஒதுக்க ஏலேல்லை."

"அவர் ஸ்ரேசன் மாஸ்ரர், பிள்ளை," என்றார் அம்மா தாழ்ந்த குரலில். "மலாயாவிலை யப்பான்காரன் குண்டு போடேக்கையும் ஸ்ரேசனை விட்டு ஓடாத மனுசன். நில் எண்டால் நிப்பார். போ எண்டு சொல்லும் மட்டும் நிப்பார். எனக்கு அதுதான் பயம்." பிறகு இவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "உங்கடை அவர் வாய் திறக்கக்கூடாது. இன்னொரு வாக்குக் குடுத்தமாதிரி வந்திடும். படத்தை நீங்களே எடுங்கோ."

முக்காலியை நான் நட்டேன். இவர் எனக்குப் பக்கத்தில், வாயில் கைலேஞ்சியைப் பொத்தியபடி நின்றார். வெளியே முற்றத்தில் உச்சி வெயில். ஒரு காகம் கரைந்துவிட்டு நின்றது. சுவரிலிருந்த கண் மூடிய முகங்கள் எல்லாம் எங்களைப் பார்த்தபடி இருந்தன. மூடிய கண்ணால் எப்படிப் பார்ப்பது என்று என்னிடம் கேட்கவேண்டாம்.

கமெராவிலிருந்து தொங்கிய கம்பிக் கயிற்றின் பொத்தானை அழுத்தினேன். கமெராவின் கண் திறந்தது. எட்டு மரியே. பொத்தானை விட்டால் படம் கெட்டுப்போகும்.

முதல் மரியே.

கரிப்புகை மணத்தது. அடுப்புப் புகை அல்ல. பழைய ரயில் எஞ்சினின் கரிப்புகை.

மூன்றாவது மரியேயில் பக்கத்தில் ஒரு அசைவு. இவருடைய கைலேஞ்சி நிலத்தில் விழுந்தது. ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தார்.

இடக்கையால் இவருடைய சேட்டைப் பிடித்தேன்.

அவர் நிற்கவில்லை. மறு காலும் எடுத்து வைத்தார். நான் இழுத்தேன். மனிதர் இவ்வளவு பாரமா? என் வலக்கைப் பெருவிரல் பொத்தானை விடாமல் அழுத்தியபடி இருந்தது. எத்தனையாவது மரியே என்பது மறந்துபோனது. திரும்ப ஆரம்பித்தேன். அருள் நிறைந்த. அருள் நிறைந்த. அதற்கு அப்பால் வரவில்லை.

"தம்பி, போகாதை," என்று நடராசா கிசுகிசுத்தார். அவரால் கிட்ட வர முடியவில்லை.

சேட்டு கிழிந்தது.

இவர் கதிரைக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு கையையும் நீட்டினார், கிழவர் ஒருவரைக் கைகொடுத்து எழுப்ப நிற்கிற மாதிரி. பிறகு மெல்லத் திரும்பினார். என்னைப் பார்த்தபடி, முதுகைக் கதிரைக்குக் காட்டியபடி, இருப்பதற்காகக் குனியத் தொடங்கினார்.

படம் போதுமோ போதாதோ, நான் பொத்தானை விட்டேன். கமெரா கண்ணை மூடியது. அவர் நிற்கவில்லை. கதிரைக் கையை அவர் விரல் தொட்டது.

அப்போது நான் சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை. இருபது வருடமாக ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் இவர் சொல்லுகிறதைத்தான் சொன்னேன்.

"எடுத்தாச்சு, ஐயா. இனி நீங்கள் எழும்பலாம்."

ஞானாம்பிகை அம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

பிரம்பு முறுகியது.

ஒரு இழை, பிறகு ஒரு இழை. தொய்ந்து கிடந்த பின்னல் மெல்ல மெல்ல மேலே வந்தது. பாரம் இறங்கிய கதிரை ஒருதரம் கிறீச்சிட்டு அடங்கியது. இவர் முழங்கால் மடங்கி நிலத்தில் விழுந்தார். கரிப்புகை மணம் என் முகத்தைக் கடந்தது, தோள் பக்கமாய்ப் போனது, பிறகு இல்லை.

"முதுகு நோகுது," என்றார் இவர். அவருடைய சொந்தக் குரல். "யசிந்தா, எனக்குச் சரியான பசி."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அந்த மனிதரின் பசியை விடப் பெரிய சந்தோசம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. ஒன்றும் பேசாமல், ஒருவருக்கும் தலையைக் கூட அசைக்காமல், அவரைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஒழுங்கை தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

*

படத்தை அன்றே கழுவினோம். கொஞ்சம் மங்கல். ஆனால் எல்லாம் தெரிந்தது. சுவர், படங்கள், நடுவில் கதிரை. கதிரை வெறுமையாக இருந்தது. பிலிமில் இவர் கூட இல்லை, அசைந்துகொண்டிருந்தவர் தானே.

பிரதியை வாங்க நடராசா வந்தார். வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"எழும்பிட்டார்," என்று பெருமூச்சு விட்டார். பிறகு சைக்கிளில் ஏறப்போனவர் நின்று, "மாமி கேப்பா, எங்கை போனவர் எண்டு. என்னத்தைச் சொல்ல?" என்றார்.

"போகவேண்டிய இடத்துக்கு," என்றேன் நான். எனக்கு அப்போது அதைப்பற்றி யோசிக்கப் பொறுமையில்லை.

இவர் இரண்டு தட்டுப் புட்டுச் சாப்பிட்டார். கை, மடியில் கிடந்தது. பரீட்சித்துப் பார்க்க மறுபடி கஸ்தூரியார் வீதியை எடுத்தோம். முக்காலி நட்ட இடத்தில் நின்றது. கழுவிப் பார்த்தால் தெரு துப்புரவாக இருந்தது. புள்ளி கூட இல்லை. நான் அந்தத் தாளை முத்தமிட்டேன், மருந்து நாற்றத்தோடு. ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்த ஊர் ஒரே இரவில் உண்மையாகவே அப்படி வெறுமையாகப் போகும் என்று அன்று யார் கண்டது?

கொழும்புக்குத் திரும்பும் நாள். ரிக்கற் எடுக்க இவர் ஸ்ரேசனுக்குப் போயிருந்தார். காலைச் சாப்பாடு முடிந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்த என்னைப் பெர்னடெட் ஸ்ரூடியோவுக்கு இழுத்துப்போனாள்.

"எல்லாரையும் எடுக்கிறியள். உங்கடை படம் ஒண்டு எங்கடை வீட்டிலை இல்லை, மச்சாள். இருங்கோ."

அவளுடைய தகப்பனின் பழைய மரக் கமெரா. பின்னால் கறுத்தத் துணி. படிக்கட்டும் பூந்தோட்டமும் தீட்டிய திரைக்கு முன்னால் ஒரு ஸ்ரூலில் நான் இருந்தேன். சேலையைச் சரி செய்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் முகத்தில் சிரிப்பு தானாக வந்தது. கதவு திறந்திருந்தது, தெருவில் வெயில் அடித்தது, பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ செய்தி வாசித்தார்கள்.

பெர்னடெட் துணிக்குள் தலையை விட்டாள். அவள் பார்க்கிற கண்ணாடியில் நான் தலைகீழாகத் தெரிவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"முகத்தைக் கொஞ்சம் நிமித்துங்கோ. ஓம். அப்பிடித்தான்."

காத்திருந்தேன். கிளிக் சத்தம் வரவில்லை.

கரிப்புகை மணத்தது.

"என்ன, பெர்னடெட்?"

"இல்லை மச்சாள், நீங்கள் வடிவாய்த்தான் இருக்கிறியள்." துணிக்குள்ளிருந்து அவள் குரல் சாதாரணமாக வந்தது. "பின்னாலை நிக்கிற உந்த ஐயா தான் ஆடிக்கொண்டு நிக்கிறார். அவரை அசையாமல் நிக்கச் சொல்லுங்கோ."

எழும்பச் சொன்ன நான் போகச் சொல்லவில்லை. இப்போது அசையாமல் நிற்கச் சொல்லுவேன் என்று அவள் துணிக்குள் தலையை வைத்தபடி காத்துக்கொண்டிருந்தாள்.